எக்ஸ்பி கணினியில் தமிழில் எழுத எந்த மென்பொருள்?

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றை இரண்டு வருடமாகத் தட்டச்சு செய்துவருகிறார். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. அவர் கணினியில் அதற்கேற்ற மென்பொருள்தான் அமையவில்லை.

கணினி 2004இல் வாங்கியது: பென்டியம் 4, 512 எம்பி ராம், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்றுவிட்டதால் இணையத்தில் இணைப்பதில்லை, எல்லாம் பென்டிரைவ்தான். புதுக் கணினி வாங்கித் தருகிறேன் என்றேன். அவருடைய பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இதில்தான் ஓடுகிறது, அதை விட மனமில்லை என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

முதலில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறித் தெரிந்தன. வட்டார, மொழி அமைப்புக்குப் போய், எக்ஸ்பி சிடியைப் போட்டு, சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவை நிறுவியதும் லதா எழுத்துரு ஒழுங்காக வந்தது. வேர்ட்பேடில் தமிழ் நன்றாகத் தெரிகிறது, ஆனால் அடிக்குறிப்பு போட வழியில்லை. எக்ஸ்பியில் ஓடும் கடைசி வரிசையான லிப்ரே ஆபிஸ் 5.4ஐயும் போட்டேன். இந்த ராமுக்கு அது கனம். நாற்பது பக்கக் கோப்பில் ஒரு வரி அடித்தால் எழுத்து வர மூன்று நான்கு நொடி ஆகிறது. ராம் கூட்டலாம் என்றால் கும்பகோணத்தில் கேட்ட இரண்டு கடையிலும் பழைய டிடிஆர் வகை இல்லை.

512 எம்பி ராமில் வேகமாக ஓடி, யூனிகோடு தமிழையும் அடிக்குறிப்பையும் சரியாக அச்சிடும் மென்பொருள் எது, எந்தப் பதிப்பு?