இரட்டைத் திரை போனா, நல்ல சிக்னலா?

வால்பாறைக்காரன்:
நான் மெய்ப்புத் திருத்துபவன். ஒரு பக்கம் பிடிஎஃப், மறுபக்கம் அகராதி என்று இரண்டையும் திறந்து வைத்தால்தான் வேலை ஓடும். அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணன் தன் பழைய மைக்ரோசாஃப்ட் போனான சர்ஃபேஸ் டுயோவைத் தருகிறேன் என்கிறார். 5.6 அங்குலத்தில் இரண்டு திரை, புத்தகம் போல விரிகிறது. ஆசையாக இருக்கிறது. ஆனால் 2020 மாடல், 4ஜி மட்டும்தான். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னல் ஓரத்தில்தான் ஜியோ ஒரு கோடு காட்டும். வாங்கிக்கொள்ளலாமா?

சேலம் வாசகர்:
5ஜி இல்லாததற்குக் கவலைப்படாதீர்கள். பிடிஎஃப் இறக்க 4ஜி தாராளம். பேச்சுதான் பிரச்சினை. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ, அதாவது 4ஜி வழியே பேசும் வசதி, ஓடவில்லை என்றால் சாதாரண அழைப்பே வராது. அப்புறம், 850 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை (பேண்ட் 5) அந்த போனில் இருக்கிறதா என்று பாருங்கள். சுவர் தாண்டி உள்ளே வருவது அந்த அலைதான். அமெரிக்க நிறுவனமான ஏடி அண்ட் டி, வேறு சிம் ஏற்காதபடி பூட்டு போட்ட போனா என்றும் அண்ணனிடம் கேளுங்கள்.

தேனி அக்கா:
தம்பி, டுயோவுக்கு 2023 செப்டம்பரோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. வங்கி ஆப் எதையும் அதில் போடாதீர்கள். இப்போதைய போனிலேயே சிம் இருக்கட்டும், அதில் ஹாட்ஸ்பாட் போட்டு டுயோவுக்கு இணையம் கொடுத்து, டுயோவை வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்பாறைக்காரன்:
சரி அக்கா, அப்படியே செய்கிறேன். ஜன்னல் ஓரத்தில் இப்போதைய போன், மேசையில் இரண்டு திரை. அம்மாவின் அழைப்பு தவறக்கூடாது, அதுதான் எனக்கு முக்கியம்.