எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். வைத்துக்கொண்டு வெளிநாட்டில் ஆங்கில டீச்சர் வேலைக்குப் போக முடியுமா?

நாமக்கல்_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ., பி.எட். இரண்டும் ரெகுலர், எம்.ஏ. ஆங்கிலம் மட்டும் தொலைநிலைக் கல்வியில் முடித்தேன். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருடமாக ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதிலும் மே மாதம் பாதிதான், அந்தப் பாதிக்கும் அட்மிஷன் பிடிக்க வீடு வீடாக அனுப்புவார்கள். அதனால் வெளிநாட்டில் ஆங்கில டீச்சர் வேலை கிடைக்குமா என்று கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேடத் தேடக் குழப்பம்தான் அதிகமாகிறது. பாதி விளம்பரங்களில் முதல் வரியிலேயே ‘நேட்டிவ் ஸ்பீக்கர்ஸ் மட்டும்’, அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் மட்டும் என்று போட்டுவிடுகிறார்கள். மீதியில் சிலர் டெஃபல், சிலர் செல்ட்டா என்று ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ் கேட்கிறார்கள், சிலர் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வு. என் பி.எட்.டுக்கு ஏதாவது மதிப்பு இருக்கிறதா என்றே புரியவில்லை. சேலத்தில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். தாய்லாந்தில் வேலை உறுதியாம், ஒன்றரை லட்சம் கட்ட வேண்டுமாம், முதலில் டூரிஸ்டாகப் போய் இறங்கினால் மற்றதைப் பள்ளியே பார்த்துக்கொள்ளுமாம். எந்தப் பள்ளி என்று கேட்டால் பணம் கட்டிய பிறகுதான் சொல்வார்களாம்.

இன்னும் இரண்டு விஷயம். பத்தாவது வரை நான் தமிழ் மீடியம், பிளஸ் ஒன்னிலிருந்துதான் ஆங்கில மீடியம். அப்புறம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. இதெல்லாம் பிரச்சினையாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

*

வடதாய்லாந்து_வாத்தியார்:

முதலில் அந்த ஒன்றரை லட்சத்தைக் கட்டாதீர்கள் சகோதரி. பள்ளியின் பெயரைச் சொல்லாத ஏஜென்ட்டிடம் பள்ளியே இருக்காது.

2023 நவம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் உள்ளே வரலாம் என்று தாய்லாந்து அறிவித்தது. அதிலிருந்து இந்த ‘முதலில் இறங்கிவிடுங்கள்’ வியாபாரம் அதிகமாகிவிட்டது. அந்தச் சலுகை சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. அதில் வந்து வகுப்பெடுத்தால் சட்டப்படி குற்றம், பிடிபட்டால் அபராதம் கட்டி ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அது கூடப் பரவாயில்லை. தாய்லாந்தில் வேலை என்று கூட்டிவந்து மே சோட் எல்லை வழியாக மியான்மர் மியாவடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைத்துவைத்த கதை 2022-லேயே வெளியே வந்தது. மாட்டியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். டீச்சர் வேலை என்று கூப்பிட்டால் மட்டும் அது வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

முறையான வழி இதுதான். பள்ளி உங்களை இண்டர்வியூ எடுத்து, ஒப்பந்தமும் மற்ற கடிதங்களும் அனுப்பும். அதைக் காட்டி நீங்கள் இந்தியாவில் இருக்கும்போதே நான்-இமிக்ரன்ட் பி என்கிற வேலை விசா வாங்க வேண்டும். வந்த பிறகு ஒர்க் பெர்மிட். கூடவே ‘குருசபா’ என்கிற ஆசிரியர் கவுன்சிலின் அனுமதி. கல்வியியல் படிக்காதவர்களுக்குத் தற்காலிக அனுமதிதான் கொடுப்பார்கள், இரண்டு வருடம், அதையும் முடிவில்லாமல் நீட்டிக்க முடியாது. பி.எட். இருந்தால் நிலைமை நன்றாகவே மாறுகிறது, முழு உரிமத்துக்கே விண்ணப்பிக்கலாம். எதையோ படித்துவிட்டு 120 மணி நேர ஆன்லைன் சான்றிதழோடு வருகிற வெள்ளைக்காரப் பையனுக்கு இல்லாத வசதி இது.

ஆனால் சம்பளம் என்று வந்தால் அந்தப் பையன்தான் மேலே. நேட்டிவ் என்றால் 35,000 பாட், அதற்கு மேலும் கொடுக்கிற பள்ளி, பிலிப்பைன்ஸ்காரருக்கும் நமக்கும் 20,000 சுற்றித்தான் பேச ஆரம்பிக்கும். நேட்டிவ் அல்லாதவர் என்பதால் டோயிக் என்கிற ஆங்கிலத் தேர்வில் 600 மதிப்பெண்ணும் கேட்பார்கள், எம்.ஏ. ஆங்கிலம் படித்திருந்தாலும் சரி. கடுப்பாகத்தான் இருக்கும். நம் ஆங்கிலம் எப்படி என்பதெல்லாம் அப்புறம், முதலில் பார்ப்பது பாஸ்போர்ட்டின் அட்டையைத்தான்.

விசா அந்தப் பள்ளியோடு கட்டுப்பட்டது என்பதையும் மனதில் வையுங்கள். வேலையை விட்டால் தங்கும் அனுமதியும் போய்விடும், அடுத்த பள்ளி பேப்பர்களைத் தயார் செய்கிற வரை இங்கே காத்திருக்க முடியாது. மற்றபடி பிள்ளைகள் தங்கம். வகுப்புக்கு 50 பேர் இருப்பார்கள், நம் ஊரில் எடுத்துப் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

*

தேஜான்_தமிழன்:

கொரியா, ஜப்பான் பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் டீச்சர் இல்லை, ஆராய்ச்சிக்கு வந்தவன், ஆனால் இங்கே கேட்டுக் கேட்டு நொந்துபோன நண்பர்கள் இருக்கிறார்கள்.

கொரியாவில் மொழி கற்பிக்க ஈ-2 விசா. ஆங்கிலத்துக்கு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என ஏழு நாட்டுக் குடியுரிமை இருந்தால்தான் அது. ‘ஹாக்வோன்’ என்கிற டியூஷன் சென்டர்கள் நமக்கு அடைபட்ட கதவு, விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இந்தியாவும் கொரியாவும் போட்ட செபா என்கிற பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராக வரலாம். உங்கள் பி.எட். இங்கே பேசும். ஆனால் விதி இருக்கிறதே தவிர, அதைப் பயன்படுத்தி ஆள் எடுக்கிற பள்ளியைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு. பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜப்பான் நாட்டைப் பார்ப்பதில்லை, படிப்பைப் பார்க்கிறது. பள்ளியில் மொழி கற்பிக்க ‘இன்ஸ்ட்ரக்டர்’ விசா. அதற்கு எந்த மொழியைக் கற்பிக்கப் போகிறீர்களோ அந்த மொழியிலேயே 12 வருடம் படித்திருக்க வேண்டும். எல்.கே.ஜி.யிலிருந்து கான்வென்ட்டில் படித்தவர்களுக்குப் பள்ளியில் ஒரு மீடியம் சர்டிபிகேட் வாங்கினால் முடிந்தது. உங்களுக்குத்தான் உதைக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு, பி.ஏ. மூன்று, எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு. தொலைநிலை எம்.ஏ.வைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டாலும் ஒன்பதுதான் வருகிறது. தமிழ் மீடியத்தில் படித்து, அதன்பிறகு ஆங்கிலத்தில் எம்.ஏ. வரை வந்தவரைத்தான் நான் டீச்சராக எடுப்பேன், மொழியைக் கற்றுக்கொள்கிற கஷ்டம் அவருக்குத்தானே தெரியும். குடிவரவு அலுவலகத்துக்கு இது புரியாது.

சீனா வேண்டவே வேண்டாம். தாய்மொழியைத்தான் கற்பிக்கலாம் என்பது அங்கே பொது விதி, கூடவே பட்டமும் இரண்டு வருட அனுபவமும். 2021-ல் டியூஷன் நிறுவனங்களையே அரசு ஒடுக்கிவிட்டதால் சந்தையும் சுருங்கிவிட்டது.

*

மஸ்கட்_மிஸ்:

தங்கச்சி, நீ ஏன் கிழக்கையே பார்க்கிறாய்? பி.எட். கையில் இருப்பவர்களுக்கு வளைகுடாதான் நேர்வழி. ஓமன், அமீரகம், கத்தார், குவைத் எல்லா இடத்திலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே நீ நேட்டிவ்வா என்று ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. பட்டம், பி.எட்., பாட அனுபவம், நேரில் ஒரு டெமோ வகுப்பு. டெமோவில் இலக்கணத்தை ஒப்பிக்காமல் பிள்ளைகளைப் பேசவைத்தால் பாதி வேலை முடிந்தது.

சம்பளம் பெரிதாக எதிர்பார்க்காதே. இந்தியப் பள்ளிகளில் சம்பளம் குறைவுதான், துபாய் வாடகைக்கு அது போதாது. கணவர் வேலையில் வந்து, அவர் ஸ்பான்சரில் இருந்துகொண்டு பள்ளியில் சேர்கிற டீச்சர்கள்தான் இங்கே அதிகம். தனியாக வருகிறாய் என்றால் தங்குமிடம் யார் தருவது, விமான டிக்கெட் யார் செலவு என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கு. வாய்ப்பேச்சு இங்கே செல்லாது.

தொலைநிலை எம்.ஏ. பற்றி ஒன்று. வளைகுடாவில் பல இடங்களில் கரஸ்பாண்டன்ஸ் பட்டத்தைக் கணக்கில் எடுக்கத் தயங்குவார்கள், ரெகுலராகப் படித்ததாகப் பல்கலைக்கழகத்திடமிருந்து கடிதம் கேட்பார்கள். நல்லவேளை உன் பி.ஏ.வும் பி.எட்.டும் ரெகுலர். அந்த இரண்டையும் முன்னால் வை, எம்.ஏ.வைக் கூடுதலாகக் காட்டு. துபாயில் பள்ளி உன்னை எடுத்தாலும் கே.எச்.டி.ஏ. என்கிற அங்குள்ள கல்வி ஆணையத்தின் ஒப்புதல் வந்தால்தான் வகுப்புக்குள் போகலாம், அபுதாபியில் அதே வேலையை ஏ.டெக். பார்க்கிறது.

செல்ட்டா பற்றிக் கேட்டிருந்தாய். இந்தியப் பள்ளிகளுக்கு அது தேவையே இல்லை. லட்சத்துக்கு மேல் செலவு, வீண்.

*

வடதாய்லாந்து_வாத்தியார்:

மஸ்கட் மிஸ் சொன்னதில் செல்ட்டா விஷயத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பள்ளி வேலைக்கு அது வேண்டாம் என்பது சரி. ஆனால் வியட்நாம் மாதிரி இடங்களில் லாங்குவேஜ் சென்டர்தான் பெரிய சந்தை. அங்கே நேட்டிவ் அல்லாதவர் என்றால் பட்டத்தோடு, சி-1 என்கிற உயர்நிலை அளவு ஆங்கிலத் தேர்ச்சிக்குச் சான்றும் கற்பித்தல் சான்றிதழும் கேட்பார்கள். இருநூறு பக்க பி.டி.எஃப். படித்து, டிக் அடித்து வாங்கிய டெஃபல் பேப்பர் விசாவுக்கு வேண்டுமானால் உதவும், வேலை கொடுக்கிறவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். செல்ட்டா கேம்பிரிட்ஜ் கொடுப்பது, நிஜ மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும், பின்வரிசையில் ட்ரெய்னர் உட்கார்ந்து நீங்கள் எவ்வளவு பேசினீர்கள், பிள்ளைகள் எவ்வளவு பேசினார்கள் என்று குறித்துக்கொண்டிருப்பார். நம் பி.எட். டீச்சிங் பிராக்டிஸில் ரெக்கார்ட் நோட் எழுதியதுதான் பலருக்கு ஞாபகம் இருக்கும். செல்ட்டாவில் அந்தக் கதையெல்லாம் நடக்காது.

பணம் இருந்தால் எடுங்கள். கடன் வாங்கி எடுக்க வேண்டாம்.

*

கோப்பு_குமார்:

நான் சென்னையில் அட்டெஸ்டேஷன் வேலை, அதாவது சான்றிதழ்களுக்கு வெளிநாட்டில் செல்லும்படி முத்திரை வாங்கித் தருகிற வேலை பார்க்கிறவன். வேலை கிடைப்பதைப் பற்றி மேலே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கிடைத்த வேலை பேப்பரில் நிற்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டு ஆட்கள் சிக்குவது அங்கேதான்.

நம் பெயர் முறை. டிகிரியில் ‘மு. செல்வி’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு வெறும் செல்வி, இன்னொருவருக்கு செல்வி முருகேசன், வேறொருவருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், பி.எட். சான்றிதழில் பின்னால். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். வெளிநாட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று ஆட்கள். ஒரே நபர்தான் என்று நோட்டரி அஃபிடவிட் கொடுத்தால் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் அரசிதழில் (கெசட்) பெயர் மாற்றம் வரை போக வேண்டியிருக்கும்.

குடும்பப்பெயர் காலி என்பதை அலட்சியமாக விடாதீர்கள். அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க முடியாது என்று சொல்லி, ஏர்போர்ட்டிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஆன்லைன் ஃபார்மிலும் அந்தக் காலிக் கட்டம் உங்களைப் படுத்தும்.

அடுத்தது முத்திரை. ஆவணங்களை ஏற்பது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடு என்றால் வெளியுறவு அமைச்சகம் தருகிற அப்போஸ்டில் முத்திரை போதும், கொரியா, ஜப்பான், ஓமன், சவுதி எல்லாம் இதில் வரும். அமீரகம் மாதிரி அதில் சேராத நாடு என்றால் மாநில உயர்கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்த நாட்டுத் தூதரகம், அங்கே போனபின் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக ஏற வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். மீதி ஆயிரங்கள் எங்களைப் போன்றவர்களின் சர்வீஸ் சார்ஜ், மறைக்க ஒன்றுமில்லை, விலை கேட்டு இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ப்ரொவிஷனலை வைத்து ஓட்டப் பார்க்காதீர்கள், கான்வொகேஷன் சான்றிதழை வாங்கி வையுங்கள்.

ஏஜென்ட் விஷயம். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் வேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் பெயர் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உரிமம் உள்ளவர்களே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் எந்தக் கணக்கு என்று அவர்களையே கேளுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, அதன் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

*

நாமக்கல்_டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்தக் கன்சல்டன்சி பெயரை இ-மைக்ரேட்டில் போட்டுப் பார்த்தேன், இல்லை. ஓமன், தாய்லாந்து இரண்டுக்கும் பள்ளிகளுக்கே நேரடியாக மெயில் போடலாம் என்று இருக்கிறேன். குமார் அண்ணா, விசாவுக்குக் கேட்கிற போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் (பி.சி.சி.) இருக்கிறதே, அதற்கு இன்றைக்கே ஆன்லைனில் போட்டுவிடவா? பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை எப்போது சேர்ப்பது?

*

கோப்பு_குமார்:

அவசரப்படாதீர்கள் மேடம். முதலில் பாஸ்போர்ட் ரீ-இஷ்யூ போட்டு அப்பா பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் சேருங்கள். நம்பர் மாறும், பி.சி.சி.யில் அந்த நம்பர்தான் அச்சாகும். இப்போது எடுத்தால் 500 ரூபாய் தண்டம். பி.சி.சி.க்கு ஆயுளும் குறைவு, ஆறு மாதத்துக்கு மேல் பழையதைப் பல இடங்களில் வாங்கமாட்டார்கள். ஆஃபர் லெட்டர் வந்த வாரம் போட்டால் சரியாக இருக்கும். அதுவரை பி.ஏ., பி.எட். இரண்டுக்கும் பல்கலைக்கழகத்தில் ஜெனுயின்னஸ் சான்றிதழுக்கு, அதாவது பட்டம் உண்மையானது என்கிற சான்றுக்கு எழுதிப் போடுங்கள், இருப்பதிலேயே இழுப்பது அதுதான்.