கலைச்சொல் விவாதம்: 'ஃபெரல்' குதிரைக்குத் தமிழ்ச்சொல் காட்டிலிருந்தா, கட்டிலிருந்தா?

முதல் மடல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2015இல் வெளிவந்த 'அன்பிராண்டட்' என்ற படம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு இளைஞர்கள், அமெரிக்காவின் மேற்கில் உடையவர் இன்றித் திரியும் மஸ்டாங் குதிரைகளில் 16ஐப் பழக்கிக்கொண்டு, மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை சவாரி போகிறார்கள். அரிசோனா, யூட்டா, ஐடஹோ, வயோமிங், மொன்டானா வழியாகச் சுமார் 3,000 மைல்.

பயணத்தைச் சொல்வதில் எனக்குத் தடங்கல் இல்லை. சேணம், கடிவாளம், லாடம், பொதிக்குதிரை எல்லாமே நம்மிடம் இருக்கும் சொற்கள். குதிரையை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதில்தான் நின்றுவிட்டேன். தனிமடலில் கேட்டபோது நண்பர்கள் நான்கு சொற்கள் தந்தார்கள்: காட்டுக்குதிரை, மீள்வனக் குதிரை, காடேறிய குதிரை, முசுத்தாங்கு.

கடைசிச் சொல்லை முதலில் பார்த்துவிடலாம். மஸ்டாங் என்பது ஓரிடத்துக் குதிரைகளுக்கு வழங்கும் பெயர். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கிரந்த எழுத்து நீக்கி எழுத விரும்புவோரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் திரையில் இரண்டு நொடி நிற்கும் வரியில் 'முசுத்தாங்கு' என்று வந்தால், பார்ப்பவர் சொல்லில் சிக்கிக் காட்சியை விட்டுவிடுவார்.

இனி மற்ற மூன்று. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இந்தக் குதிரைகளை 'வைல்ட்' (காட்டு விலங்கு) என்பவர்கள் ஒரு பக்கம், 'ஃபெரல்' (மனிதர் வளர்த்த விலங்கின் வழிவந்து, இப்போது மனிதரைச் சாராமல் திரிவது) என்பவர்கள் இன்னொரு பக்கம். ஒருவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். குதிரைகளைக் காக்க வேண்டும் என்பவர்கள் 'வைல்ட்' என்பார்கள். அதே புல்வெளியில் மாடு மேய்க்கும் பண்ணைக்காரர்களும் சூழலியலாளர் பலரும் 'ஃபெரல்' என்பார்கள். இரண்டுக்கும் 'காட்டுக்குதிரை' என்றே எழுதினால், சண்டை எதற்கு என்பதே தமிழ் வாசகருக்குப் புரியாமல் போய்விடும்.

இந்தச் சண்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. குதிரை இனம் தோன்றி வளர்ந்த இடமே வட அமெரிக்காதான். அங்கே அது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போனது. மறுபடி கப்பலில் வந்தது. 1519இல் மெக்சிகோவில் இறங்கிய ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் கொண்டுவந்தவையும் 16 குதிரைகள்தான். அப்புறம் ஸ்பானியர்களிடமிருந்து தப்பியவை, பழங்குடி மக்கள் கைப்பற்றி வளர்த்தவை, பின்னாளில் பண்ணைகளும் ராணுவமும் விட்டவை எல்லாம் கலந்து பெருகின. எனவே 'வெளியிலிருந்து வந்த விலங்கு' என்று ஒருவர் சொல்லலாம், 'சொந்த மண்ணுக்குத் திரும்பிய விலங்கு' என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதும் இல்லை. லாரியிலும் சிறு விமானத்திலும் துரத்திப் பிடித்து, வளர்ப்புப் பிராணிகளுக்கான தீவனம் செய்ய இறைச்சிக்கு அனுப்பினார்கள். நெவாடாவைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி, 1950இல் தன் காருக்கு முன்னே போன லாரியிலிருந்து குதிரை ரத்தம் ஒழுகுவதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வாழ்நாள் முழுதும் இந்தக் குதிரைகளுக்காகவே போராடினார். பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குக் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். வாகனத்தில் துரத்திப் பிடிப்பதை 1959இல் வந்த சட்டம் தடுத்தது. 1971 டிசம்பரில் முழுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

என் வாதமே அந்த 1971 சட்டத்தில்தான் இருக்கிறது. 'வைல்ட்' குதிரை எது என்பதற்கு அது தரும் விளக்கத்தில் காடும் இல்லை, மரபணுவும் இல்லை. பொதுநிலத்தில் உள்ள, சூட்டுக்குறி இல்லாத, யாரும் உரிமை கோராத குதிரை, கழுதை. அவ்வளவுதான். படத்தின் தலைப்பாக இருக்கும் 'அன்பிராண்டட்' (சூட்டுக்குறி இல்லாத) என்ற சொல்லே அந்த விளக்கத்தில் வருகிறது. மஸ்டாங் என்ற பெயரும் இதைத்தான் சொல்கிறது. அதன் மூலமான ஸ்பானியச் சொல்லுக்கு உடையவர் இல்லாமல் திரியும் கால்நடை என்று பொருள். 1273இல் ஸ்பெயினில் அரசர் ஏற்பு பெற்ற மெஸ்தா என்ற மேய்ப்பர் சங்கத்தின் பெயரோடு தொடர்புடைய சொல் அது.

ஆக, இந்த விலங்கை வரையறுப்பது அது வாழும் இடமல்ல, அதற்கு உடையவர் இல்லை என்பதுதான். நெவாடாவில் இவை திரிவது மரமில்லாத புதர்ப் பாலையில். 'மீள்வனம்' என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் முதுமலை வந்து நிற்கும். 'காடேறிய' என்றால் காட்டேரி வந்து நிற்பாள். நமக்கு வேண்டிய சொல் காட்டிலிருந்து வரக்கூடாது, கட்டிலிருந்து வர வேண்டும். கயிறு, கட்டுத்தறி, பட்டி, குறி என்ற வரிசையில் தேடுங்கள். தமிழ்நிலத்தில் குதிரை காட்டில் பிடித்த விலங்கே அல்ல. புகார்த் துறைமுகத்துக்குக் குதிரை கடல்வழி வந்ததைப் பட்டினப்பாலை பாடுகிறது. அதனால் காட்டுக்குதிரைக்கென்று பழைய சொல் தேடுவதில் பயன் இருக்காது. மாடு மேய்ப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம் தம்பி.

நீங்கள் தேடுகிற சொல் எங்கள் பத்திரிகைகளில் கிழமைக்கு ஒருமுறையாவது வரும்: கட்டாக்காலி. கட்டாமல் விட்ட காலி. காலி என்றால் ஆநிரை. ஆழ்வார் பாடல்களிலும் கண்ணன் காலி மேய்க்கிறான். 'வீதியில் கட்டாக்காலி மாடுகள். பிரதேச சபை நடவடிக்கை' என்று செய்தி போடுவார்கள். மாட்டோடு நின்றுவிடவும் இல்லை. கட்டாக்காலி நாய் என்று எல்லோரும் சொல்கிறோம். அப்படியென்றால் குதிரைக்கும் பொருந்தும்தானே.

இது எங்களுக்கு ஏட்டுச் சொல் மட்டும் அல்ல. நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றைக்கும் வெளியில் கூட்டமாகத் திரிகின்றன. மட்டக்குதிரை அளவில் இருக்கும். வறட்சிக் காலத்தில் தண்ணீருக்கு அவை படும் பாடு பெரிய பாடு. அங்கேயும் இதே கேள்விதான்: அவை யாருடையவை, யார் தண்ணீர் வைப்பது? காட்டு விலங்கு என்றால் ஒரு திணைக்களம் பொறுப்பு, வளர்ப்பு விலங்கு என்றால் வேறொன்று.

இன்னொன்று. படத் தலைப்புக்குச் 'சூடு' என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாட்டுக்குக் 'குறி சுடுவது' என்போம். 'குறிசுடாக் குதிரைகள்' என்று போட்டுப் பாருங்கள். சூடு என்றால் மருந்துக்குச் சுட்டதும் ஆகலாம், தண்டனைக்குச் சுட்டதும் ஆகலாம். குறி சுடுவது என்றால் உரிமைக்கு மட்டும்தான்.

கால்நடை மருத்துவர் ஒருவரின் மறுமொழி

அண்ணை சொன்ன கட்டாக்காலி நல்ல சொல். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லே மறைந்துவிட்டது. திரும்பி வந்தால் மகிழ்வேன். ஆனாலும் அதை 'ஃபெரல்' என்பதற்கு வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பணிக்காலம் முழுதும் இரண்டு வகை விலங்குகளையும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கட்டாக்காலி மாட்டுக்கு வீடு உண்டு. பகல் முழுக்கக் கடைவீதியில் திரிந்தாலும், பால் கறக்கும் நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கும். உடையவர் கட்டாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். பிடித்துப் பட்டியில் அடைத்தால் அபராதம் கட்டி மீட்டுப் போக ஆள் வரும். ஃபெரல் விலங்கு அப்படியல்ல. அதன் தாயும் பாட்டியும் மனிதர் கையில் தீனி தின்றதில்லை. கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களோடு மேயும் குதிரைகளைப் பாருங்கள். ஒரு பொலிகுதிரை, சில பெட்டைகள், குட்டிகள் என்று குடும்பமாக இருக்கும். பக்கத்தில் போனால் ஆண்குதிரை முன்னால் வந்து நிற்கும். அது தெருவில் விட்ட விலங்கின் நடத்தை அல்ல.

காட்டுயிர் என்றும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் அடையாளம் அதன் உடலில் இருக்கிறது. மஸ்டாங் கூட்டத்தில் எத்தனை நிறங்கள் என்று படத்தில் கவனியுங்கள். மங்கோலியாவின் பிரெவால்ஸ்கி குதிரைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நிறம். அவற்றைத்தான் உலகில் மிஞ்சிய உண்மையான காட்டுக்குதிரை என்று நாங்கள் படித்தோம். 2018இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, அவையும் கஜகஸ்தானில் பண்டைய பொடாய் மக்கள் வளர்த்த குதிரைகளின் வழி என்றது. அதை மறுப்பவர்களும் உண்டு. ஆய்வாளர்களுக்கே எல்லைக்கோடு போடுவது சுலபமாக இல்லை.

எனவே மூன்று நிலைக்கும் மூன்று சொல் வேண்டும். இன்றைக்கு அவிழ்ந்து திரிவது ஒன்று. தலைமுறைகளாக மனிதரை விட்டு விலகிப் பெருகியது ஒன்று. எப்போதும் காட்டிலேயே இருந்தது ஒன்று. நடுவில் உள்ளதற்குத்தான் சொல் இல்லை. அந்தச் சொல் குதிரைக்கு மட்டும் போதாது. பன்றி, ஆடு, பூனை, மாடப்புறா எல்லாவற்றுக்கும் ஒட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிரம்பி என்ற குதிரையைப் பற்றி எழுதினாலும், அசாமின் திப்ரு சைகோவா தேசியப் பூங்காவில் திரியும் குதிரைகளைப் பற்றி எழுதினாலும் அதே சொல் நிற்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சொல்லுக்குள் பழி இருக்கக்கூடாது. அந்த விலங்கு தப்பு எதுவும் செய்யவில்லை.

முதல் மடல் எழுதியவர், இரண்டாம் முறை

அண்ணைக்கும் டாக்டர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. இரண்டு மடல்களையும் சேர்த்துப் படித்த பிறகு எனக்கு வழி தெரிகிறது.

கட்டாக்காலியைத் தெருவில் திரியும் விலங்குக்கே வைத்துக்கொள்வோம். அதன் பக்கத்திலேயே, அதே 'கட்டு' என்ற வேரிலிருந்து, ஃபெரல் என்பதற்குக் 'கட்டறு' என்று வைக்கலாம்: கட்டறு குதிரை, கட்டறு பன்றி, கட்டறு பூனை. வினைத்தொகை என்பதால் முக்காலமும் அதில் அடங்கும். எப்போதோ கட்டு அறுந்தது, இன்றும் அறுந்தே இருக்கிறது, குட்டிக்கும் அப்படித்தான். டாக்டர் ஐயா சொன்ன தலைமுறைக் கணக்கை இலக்கணமே ஏற்றுக்கொள்கிறது. விலங்குகள் இப்படி மாறும் போக்கைக் 'கட்டறுதல்' எனலாம். யார் அறுத்தார், யார் விட்டார் என்ற பழி சொல்லில் இல்லை.

'கட்டற்ற' என்று எழுதலாமே என்று சிலர் கேட்பீர்கள். கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று அந்தச் சொல்லுக்கு நம்மிடையே விடுதலைப் பொருள் நிலைத்துவிட்டது. அதை இங்கே கொண்டுவந்தால், ஃபெரல் என்று குறை சொல்லும் பண்ணைக்காரர் வாயில் புகழ்ச்சி ஏறிவிடும். சட்டத்தில் 'வைல்ட்' என்பதோடு தடையின்றித் திரிவது என்ற அடையும் சேர்ந்து வருகிறது. அந்த இடத்துக்கு 'கட்டற்றுத் திரியும் காட்டுக்குதிரை' என்று போடுவேன், ஏனென்றால் அங்கே விடுதலைப் பொருள்தான் வேண்டும்.

ஆக, குதிரை ஆர்வலர் பேசும்போது காட்டுக்குதிரை, பண்ணைக்காரர் ஃபெரல் என்னும்போது கட்டறு குதிரை, பயணிகள் தங்கள் குதிரையைச் சொல்லும்போது மஸ்டாங். மொழிபெயர்ப்பவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். இதில் தவறினால் படத்தையே திரித்துவிடுவோம். ஏனென்றால் 2020 வாக்கில், புல்வெளி தாங்கும் அளவு சுமார் 27 ஆயிரம் விலங்குகள் என்றது அமெரிக்க நில மேலாண்மைப் பணியகம். அப்போது அங்கே இருந்தவை ஏறத்தாழ 95 ஆயிரம். பிடித்து அடைத்து வைத்தவை அதற்குமேல் பல்லாயிரம். பிடிக்காமல் விட்டால் நான்கைந்து ஆண்டுகளில் கூட்டம் இரட்டிப்பாகும் என்பது பணியகத்தின் கணக்கு. ஹெலிகாப்டரில் துரத்திப் பிடிப்பது கொடுமை என்கிறார்கள் ஆர்வலர்கள்; கருத்தடை ஊசி போதும் என்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் குதிரைகள் புல்லை வேரோடு தின்றுவிடும், அப்புறம் அவையும் பட்டினி கிடக்கும், மான்களும் பட்டினி கிடக்கும் என்கிறார்கள் மறுதரப்பினர். எனக்கு இரண்டு தரப்பின் வேதனையும் மெய்யாகவே படுகிறது. பிடித்தவற்றைத் தத்துக் கொடுத்தால் பழக்க முடியும், பழக்கினால் நெடுந்தொலைவு போகும் என்று காட்டத்தான் அந்த நால்வரும் கிளம்பினார்கள்.

தலைப்புக்கு 'குறிசுடாக் குதிரைகள்' என்றே வைக்கிறேன். அதற்காக அண்ணைக்குத் தனியே ஒரு நன்றி.

இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. பணியகம் பிடிக்கும் ஒவ்வொரு குதிரைக்கும் கழுத்தின் இடப்பக்கம் ஓர் அடையாளம் இடுகிறார்கள். இரும்பைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து அழுத்துவார்கள். அந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைக்கும். பிறந்த ஆண்டும் பதிவெண்ணும் கோணக் குறிகளாகத் தெரியும். படத்தில் அடிக்கடி கண்ணில் படுகிற குறி இதுதான். இதைச் 'சூடு' என்று எழுத முடியாது, குளிரில் இடுவது. 'குளிர்குறி' என்று வைத்து, தீயில் காய்ச்சி இடுவதைச் 'சுடுகுறி' என்று பிரிக்கலாமா? டாக்டர் ஐயா, உங்கள் துறையில் இதற்கு வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கோப்பை அடுத்த வாரம் அனுப்ப வேண்டும். அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.