ஜூலியா மார்கரெட் கமரனை மலையகப் புகைப்படக் கலைஞர் என்று சொல்லலாமா?

கேள்வி: மலைச்சாரல் (பொகவந்தலாவை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் மலையகப் புகைப்பட வரலாற்றைப் பற்றிச் சிறியதொரு கண்காட்சியை ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறோம். முதற்பலகையில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் படத்தை வைப்பதா என்பதில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. கோல்புறூக்-கமரன் சீர்திருத்தம் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தக் கமரனின் மனைவிதான் இவர். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமாகி, எங்கள் ஊரின் சென் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். சிறுவயதில் அந்தக் கல்லறையில் கிடந்த சருகுகளைக் கூட்டித் தள்ளியிருக்கிறேன். அங்கே உறங்குபவர் யாரென்று அப்போது தெரியாது.

1860இல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைட் தீவில், ஃபிரெஷ்வாட்டர் என்னும் கடலோரக் கிராமத்தில், அருகருகே இருந்த இரண்டு வீடுகளை வாங்கி, இங்கே தங்கள் குடும்பத்துக்கிருந்த டிம்புல காணியின் நினைவாக 'டிம்போலா' என்று பெயரிட்டார். 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கையில் எடுத்தவர், கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாகவும் நிலக்கரி போட்டுவைத்த இடத்தை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டு, அயலவரையும் பணிப்பெண்களையும் விருந்தினரையும் அழைத்து அழைத்துப் படம் பிடித்தார். அவருடைய பெயரில் இன்று பல நூறு படங்கள் அறியப்படுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை 1875இல் இலங்கைக்குக் கப்பலேறுவதற்கு முன்னர் எடுக்கப்பட்டவை. இங்கு எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. ஒரு சிறு தீவின் மக்களை அவ்வளவு ஆசையோடு பார்த்த கண், எங்கள் மலைக்கு வந்த பிறகு ஏன் ஓய்ந்தது? அவரை எங்களவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டா?

பதில் 1: இருட்டறை (கண்டி)

முதலில் தொழில் சார்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலரும் இதைக் கவனிப்பதில்லை. அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பசைத் திரவத்தை ஊற்றிச் சீராகப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, உடனேயே உருத்துலக்கிக் கழுவ வேண்டும். கொலோடியனில் உள்ள ஈதர் வெப்பத்தில் விரைந்து ஆவியாகிவிடும். இலங்கையில் அவர் பெரும்பாலும் வாழ்ந்த களுத்துறைக் கடற்கரையின் வெக்கையில், 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகடு ஒன்றை மூலை காயாமல் காப்பாற்றுவது எவ்வளவு சிரமம் என்பதை, அதைவிடச் சிறிய தகட்டோடு இம்முறையைச் செய்துபார்த்த எனக்குத் தெரியும். கையில் பட்ட வெள்ளிக் கறை பல நாட்களுக்குப் போகவில்லை. இரசாயனங்களும் கப்பலில்தான் வந்துசேர வேண்டும்.

ஆனால் இதை மட்டுமே காரணமாக்குவது நியாயமாகாது. அதே 1870களில் ஸ்கோவன் என்பவர் இங்கே கண்டியில் ஸ்டூடியோ நடத்தி, மிக நேர்த்தியான படங்களை எடுத்திருக்கிறார். கமரன் குடும்பத்தின் நிலையையும் பார்க்க வேண்டும். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய், அவர்கள் நம்பியிருந்த கோப்பித் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. கணவர் எண்பதை எட்டிய முதியவர். ஜூலியாவுக்கு அறுபது வயது.

பதில் 2: பெயர்ப்பதிவு (ஹட்டன்)

கண்டி அண்ணர் சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் என்னை உறுத்துவது வேறொன்று. ஃபிரெஷ்வாட்டரில் கன்னி மரியாளாக அவர் மீண்டும் மீண்டும் படம் பிடித்த பணிப்பெண்ணின் பெயர் மேரி ஹில்லியர் என்பது நமக்குத் தெரியும். அவ்வூர்ச் சிறுவன் ஃபிரெடி கோல்டின் பெயரும், அங்கிருந்த கோட்டைக் காவலில் பணியாற்றிய ஒருவரின் பிள்ளைகளான கியோவன் சகோதரிகளின் பெயர்களும் தெரியும். மரியாள் என்றும் தேவதூதர் என்றும் அவர் தலைப்பிட்டிருந்தாலும், ஒரே முகத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்திருந்ததாலும், தேவாலயப் பதிவேடும் குடிசனக் கணக்கும் அங்கே இருந்ததாலும், தலைப்புக்குப் பின்னால் இருந்த ஆள் காணாமற்போகவில்லை.

இங்கே எடுத்த படங்களில் எப்படியிருக்கிறது? களுத்துறையில் 1878இல் எடுத்த குழுப்படம் ஒன்றில், அந்தப் பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதென்றும், அவளுடைய தகப்பன் என்று சொல்லிக்கொள்ளும் முதியவர் தமக்கு நூறு வயதென்கிறார் என்றும் குறித்திருக்கிறார். இருவரிடமும் வயதைக் கேட்டறிந்தவர், பெயரை எழுதவில்லை. அதே களுத்துறை வீட்டுக்கு 1877இல் விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் படம் பிடித்தார். அவருடைய பெயர் இருக்கிறது.

எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் சொல்கிறோம். நிறைக்குக் கொழுந்து சேராவிட்டால் 'அரைப்பேர்' போடுவார்கள். செக்ரோல் என்னும் தோட்ட வேலைப் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் பெயர் விழுந்த மனிதர்களுக்குப் படத்தின் கீழே ஒரு பெயர் விழவில்லை என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் வைட் தீவின் மக்களோடு பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். இங்கே நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை, அவற்றிலும் பெரும்பகுதி கடற்கரையில் கழிந்தது. ஆகவே அவரை முதற்பலகையில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பதில் 3: பழைய ஸ்டூடியோ (ஹட்டன்)

தம்பி, உங்கள் கேள்வி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. என் தகப்பனார் ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் கடவுச்சீட்டுப் படத்துக்காகத் தோட்டம் தோட்டமாக இறங்கி வந்தார்கள். அந்தச் சிறிய படத்தை எடுத்து முடித்ததும், "ஐயா, எல்லாரும் சேர்ந்து ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று கேட்பார்கள். போகிறவர்களும் இருக்கப்போகிறவர்களும் ஒரே வாங்கில் நெருங்கி உட்காருவார்கள். குழந்தையின் தலையை இரண்டு மூன்று கைகள் சேர்ந்து வாரிவிடும். அதன் பிறகு சிலர் தலைமன்னார்க் கப்பலேறினார்கள், மற்றவர்கள் லயத்துக்குத் திரும்பினார்கள்.

அப்பா ஒவ்வொரு நெகட்டிவையும் ஒரு காகித உறையில் போட்டு, உறையின் மேல் தோட்டம், டிவிசன், வீட்டுக்காரரின் பெயர், கூட இருந்தவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவார். பெயர் கேட்காமல் யாரையும் அவர் உட்காரச் சொன்னதை நான் பார்த்ததில்லை. ஆனால் நம் மழையும் பனியும் அந்த நெகட்டிவ்களைச் சும்மா விடவில்லை. பூஞ்சணம் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் உரிந்து வருகின்றன. உறைகள் மாத்திரம் அப்படியே இருக்கின்றன. என்னிடம் இப்போது ஒரு தகரப் பெட்டி நிறையப் பெயர்கள் உள்ளன, முகங்கள் இல்லை. களுத்துறைப் படத்தில் முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை.

ஜூலியா அம்மையாரை ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த முதியவரையும் பிள்ளையையும் அவர் பார்த்த பார்வையில், தன் தீவின் பிள்ளைகளைப் பார்த்த அதே பொறுமை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆயினும் முதலிடம் அவருக்குரியதல்ல என்பதில் ஹட்டன் தங்கச்சி சொல்வது சரி. உங்களுக்கு விருப்பமென்றால் சில உறைகளைக் கொண்டுவந்து தருகிறேன்.

மலைச்சாரல் (பொகவந்தலாவை)

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை ஐயாவின் வீட்டுக்குப் போய், இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். முதற்பலகையை உறைகளுக்குக் கொடுப்பதென்று முடிவாகிவிட்டது. களுத்துறைப் படத்தின் பிரதி இரண்டாவது பலகையில் இருக்கும். அதன் கீழே அவர் எழுதிய வயதுகளைத் தமிழில் எழுதி, பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விடப்போகிறோம். டிம்போலாவின் படமும் ஒன்று வேண்டும். இடிக்கப்படவிருந்த அந்த வீட்டை 1990களில் மீட்டு அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள் என்று வாசித்தேன்.

ஓர் உறையில், எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவு என்று குறித்து, ஏழு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஐந்தாவது பெயர் என் அம்மாச்சியுடையது. ஐயா நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரத்தில் வாங்கின் ஒரு காலும், ஒரு குழந்தையின் பாதமும் தெரிகின்றன.