செசித் தகட்டில் புது ரிவெட்: இந்த மைனரை வாங்கலாமா?

கல்லடிக்காரன்:
ஆரையம்பதிப் பக்கம் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் விலைக்கு வந்திருக்கிறது. ஸ்ரீ இலக்கம் (நம்பர் பிளேட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து உள்ள பழைய பதிவு), பதிவுப் புத்தகமும் இருக்கிறது. பொனட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்சுவரில், காரின் அடையாள இலக்கம் உள்ள செசித் தகடு பழசு, மங்கிக் கிடக்கிறது. அதைப் பிடித்திருக்கும் ரிவெட் மட்டும் பளபளவென்று புதுசு. "டிங்கர் வேலைக்குக் கழற்றிப் பூட்டினது" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பழைய இரும்பு:
வேண்டாம் தம்பி. மைனருக்குத் தனிச் செசி, அதாவது தனி அடிச்சட்டம், கிடையாது, பொடியும் அடித்தளமும் ஒரே கூடு. அந்தத் தகடுதான் அதன் அடையாளம். வொக்ஸ்வேகன் பீட்டில் என்றால் பின் சீற்றைத் தூக்கினால் தரையின் நடு மேட்டிலேயே இலக்கம் அடித்திருக்கும், அதை மாற்ற வெட்டி ஒட்ட வேண்டும். மைனரில் ரிவெட்டைத் துளைத்தால் சரி. இப்போதைய கார்களில் இருக்கும் 17 எழுத்து அடையாள இலக்கமெல்லாம் மைனர் உற்பத்தி 1971இல் நின்ற பிறகு வந்த ஏற்பாடு. உக்கிப்போன காரின் புத்தகத்தையும் தகட்டையும் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கும்வரை, களவெடுத்த கூட்டுக்குப் பெயர் வைப்பது சுலபம்.

கல்முனை கராஜ்:
கொஞ்சம் பொறுங்க அண்ணன். இந்த உப்புக் காற்றில் எந்தப் பழைய கார் வெல்டிங் இல்லாமல் நிற்கிறது? தகட்டைக் கழற்றாமல் மேலேயே பெயின்ட் அடிப்பவன்தான் மோசமான வேலைக்காரன். சண்டையிலும் 2004 சுனாமியிலும் வீட்டோடு புத்தகத்தையும் இழந்த குடும்பங்கள் எத்தனை? உங்கள் கணக்குப்படி பொத்துவிலிலிருந்து வாழைச்சேனை வரை ஒரு நல்ல கார் தேறாது.

பழைய இரும்பு:
புத்தகம் தொலைந்தவரை நான் கள்ளன் என்று சொல்லவில்லை. அவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதி எடுக்கட்டும். இங்கே புத்தகம் இருக்கிறது, கார் அதற்குரியதா என்பதுதான் கேள்வி.

திருக்கோவில் பொடியன்:
1958 வாக்கில் இதே ஸ்ரீ எழுத்தை எதிர்த்து நம் ஆட்கள் போராடினார்கள், இப்போது அந்தப் பிளேட்டுக்காகவே கார் தேடுகிறோம். அது கிடக்கட்டும். வாங்கினால் கண் மாதிரிக் காக்க வேண்டும் அண்ணன்! ஸ்டியரிங் லொக் இல்லாத வண்டி. பெற்றறிக்கு ஒரு கட்-ஓஃப் சுவிட்ச், இரவில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள், அது இல்லாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. கார் இருக்கும் இடத்தைக் காட்டும் ட்ரக்கர் பூட்டுவதென்றால் முதலில் பாருங்கள்: மைனரில் பொசிட்டிவ்தான் எர்த், அதாவது பெற்றறியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கும். வழமைபோல வயரைக் கொடுத்தால் ட்ரக்கர் கருகிவிடும்.

கல்முனை கராஜ்:
பூட்டெல்லாம் மறுகா. கல்லடித் தம்பி, ரிவெட்டை விடுங்க, தகட்டை வாசிங்க. இலக்கத்துக்கு முன்னால் எம், ஏ, பிறகு ஒரு குறி இருக்கும். 2எஸ் என்றால் இரண்டு கதவு, வெறும் எஸ் என்றால் நாலு கதவு. கடைசியில் 3 என்றால் 948 சிசி காலத்துக் கார், 5 என்றால் 1098. எஞ்சின் மாறியிருக்கலாம், அது பெரிய விஷயமில்லை, புத்தகத்தில் திருத்தியிருந்தால் போதும். கதவு மாறாது.

பழைய இரும்பு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

கல்லடிக்காரன்:
எடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். எம், ஏ, எஸ், 5. நடுவில் 2 இல்லை. காருக்கு இரண்டு கதவு.

கல்முனை கராஜ்:
அப்படியென்றால் விட்டுவிடுங்க தம்பி. ரிவெட் புதுசென்பதற்காக இல்லை, அதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.