அப்டேட்: அம்மாவ கூட்டிட்டு தங்கப்பாறை போய்ட்டு வந்தாச்சு

முட்டி வலியோட இருக்க அம்மாவ மியான்மர்ல தங்கப்பாறை இருக்க கியைக்தியோ மலைக்கு கூட்டிட்டுப் போலாமான்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, போய்ட்டு வந்துட்டோம். யாங்கூன்ல விடியக்காலைல கெளம்பி மலையடிவாரத்துல இருக்க கின்புன் வந்து மேல போற லாரி ஏறுனோம், பலகை சீட்டுல நெருக்கி உக்கார வச்சு வளைவுக்கு வளைவு தூக்கிப் போடுறான், அம்மா முருகா முருகான்னு என் கைய விடவே இல்ல. டோலி இருக்குன்னு சொன்னவங்களுக்கு நன்றி, ஆனா "மனுசன் தோள்ல ஏறியா சாமி பாக்கணும்"னு மெதுவா நடந்தே வந்துட்டாங்க. மேல செருப்பு போடக்கூடாது, மத்தியான வெயில்ல தரை சுட்டுச்சு, சீக்கிரமா போங்க.

தங்கப்பாறைங்கறது மலை விளிம்புல விழுற மாதிரி நிக்குற, தங்க ரேக்கு (மெல்லிசான தங்கத் தகடு) ஒட்டுன பெரிய பாறை. புத்தரோட முடி இருக்கறதாலதான் பாறை உருளாம நிக்குதுன்னு ஐதீகம். அதத் தொட்டு தங்க ரேக்கு ஒட்ட ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் அனுமதி (எனக்கு இது பிடிக்கல), அம்மா வாங்குன ரேக்க நான்தான் ஒட்டுனேன், பாதி காத்துல சுருண்டு என் வெரல்லயே ஒட்டிக்கிச்சு.