கரை மணலில் கல் தோட்டம்: அடீனியம் அழுகுது, நித்தியகல்யாணி வெளுக்குது

உச்சிப்புளி வாசல்:
எல்லாருக்கும் வணக்கம். வாசலில் 10க்கு 6 அடியில் கல் தோட்டம் போட்டிருக்கோம். கடல் அரை கிலோமீட்டர் தூரம். கரையில் கிடந்த வெள்ளைக் கல், கரை மணல் இரண்டையும் வெச்சே மேடு கட்டியாச்சு. போர் தண்ணியில் கரைஞ்ச உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 2,400 மில்லிகிராம். தினமும் சாயங்காலம் பூவாளியில் தெளிக்கிறோம். நித்தியகல்யாணியில் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. இரண்டு அடீனியம் (பாலைவன ரோஜா) செடியில் அடித்தண்டை அமுக்கினா விரல் உள்ளே இறங்குது. வறட்சி தாங்குற செடிதானே இதெல்லாம்?

தென்கடல் நர்சரி:
வறட்சியைத் தாங்கும். சுண்ணாம்பையும், கழுத்தில், அதாவது தண்டு மண்ணைத் தொடுற இடத்தில், நிக்கிற ஈரத்தையும் தாங்காது.

கரை மணலில் சிப்பித் தூள் நிறைய. அந்த வெள்ளைக் கல் பவளக்கல்லா இருந்தா அதுவும் சுண்ணாம்புதான். சுண்ணாம்போட காரத்தன்மையால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, அதனால்தான் புது இலை வெளுக்குது. அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டாதீங்க, சுண்ணாம்பு அதையும் பூட்டிடும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளிங்க. இது தற்காலிகம்தான், மண்ணை மாத்தியே ஆகணும். இன்னொண்ணு, பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருது. செத்து ஒதுங்கினதையும் அள்ளக் கூடாது. கருங்கல் போதும்.

மண் கலவை: செம்மண் 2 சட்டி, கழுவின எம் சாண்ட் 2 சட்டி, அரை இஞ்ச் ஜல்லி 1 சட்டி, மக்கின தொழு உரம் அரைச் சட்டி. எம் சாண்டைக் கழுவாம போட்டா அதில் இருக்கிற கல் மாவு இறுகி தளம் போட்ட மாதிரி ஆயிடும். மேடு ஒன்றரை அடி உயரம் வேணும். அடியில் செங்கல் அடுக்கச் சொல்வாங்க, வேண்டாம். மேல் மண் முழுக்க ஊறின பிறகுதான் தண்ணி கீழே உள்ள சந்துக்கு இறங்கும், அதுவரைக்கும் வேர் ஈரத்திலேயே நிக்கும். ஜல்லியை மண்ணோடயே கலந்துடுங்க. மேலே வைக்கிற ஒவ்வொரு கருங்கல்லிலும் மூணில் ஒரு பங்கு புதையணும்.

அடீனியத்தைப் பிடுங்கி, நெருப்பில் காட்டின கத்தியால் அழுகின இடத்தைச் சீவுங்க. வெட்டின முகம் முழுக்க வெள்ளையா வரணும். கடுகளவு பழுப்பு தெரிஞ்சாலும் இன்னொரு சீவல். பூஞ்சணக்கொல்லித் தூள் தடவி நிழலில் 10 நாள் தொங்கவிடுங்க. பால் விஷம், கையுறை போட்டுக்குங்க.

வடகடல் காற்று:
தண்ணி விஷயத்தையும் பாருங்க. தினமும் மேலாகத் தெளிச்சா தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் மேல் மண்ணில் தங்கும், வெள்ளைப் பொருக்கு பார்த்திருப்பீங்க. அதைச் சுரண்டி எடுத்துட்டு, 5, 6 நாளைக்கு ஒரு தடவை காலையில் வேரடியில் நின்னு நிதானமா ஊத்துங்க. உப்பு கீழே இறங்கணும். இந்த உப்புத் தண்ணி இலையில் ஒரு சொட்டு படக் கூடாது. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வர்ற பக்கம் காகிதப்பூ வரிசை வைங்க. மதில் கட்டினா காற்று மேலே ஏறி உள்ளே சுழன்று அடிக்கும், செடி வேலிதான் அதை வடிகட்டும். கடற்கரை மணலில் படர்ற அடப்பங்கொடியை மட்டும் உள்ளே விடாதீங்க, ஒரே மழையில் எல்லாத்தையும் மூடிடும்.

உச்சிப்புளி வாசல்:
ரொம்ப நன்றி. ஐப்பசி மழைக்கு முன்னாடியே நட்டுடலாமா?

தென்கடல் நர்சரி:
மேட்டை இப்பவே கட்டிடுங்க, மழையில் மண் அமரும், உப்பும் கழுவிப் போகும். பத்துமணிப் பூவை 3 இஞ்ச் துண்டா கிள்ளி இப்பவே ஊன்றலாம். சீவின அடீனியம் தை வரைக்கும் கூரைக்கு அடியில் தொட்டியிலேயே இருக்கட்டும். தரையில் நட்டதும் கழுத்தைச் சுத்தி ஒரு இஞ்ச் கருங்கல் சில்லு பரப்புங்க. முதல் ஒரு வாரம் தண்ணி காட்டாதீங்க.